மூணாந்தண்ணிக்கு முன்னாடி ஒரு பரீட்சை

சிரிக்காதீங்க. அமிலமும் காரமும் சேர்ந்தா இன்னா ஆவும்னு என்னைக் கேட்டீங்கன்னா, இன்னிக்கும் எனக்குப் பதில் ராகத்தோடதான் வரும். போன வாரம் எங்க மாடி வீட்டுப் பொண்ணுக்கு ஜுரம். பத்தாவது படிக்கிறா. ரெண்டு நாள் ஸ்கூலுக்குப் போவல, அதுக்குள்ள போன்ல பாடமா வந்து கொட்டுது. போர்டுல எழுதுனத ஒருத்தி போட்டோ எடுத்து அனுப்புறா, மிஸ் பேசுனத இன்னொருத்தி ரெக்கார்ட் பண்ணி அனுப்புறா. இவ போர்வைக்குள்ள படுத்துக்கினு ஒத்தக் கண்ணால பாக்கிறா. கஞ்சி எடுத்துக்கினு போன நான், அந்த போன் கேட்ட ஒரு கேள்விக்கு வாய் தவறி இழுத்து இழுத்து பதில் சொல்லிட்டேன். "ஆன்ட்டி, என்ன இது, சாமி கும்பிடற மாதிரி?"ன்னு எழுந்து உக்காந்துட்டா. அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்றேன். ரேடியோ பாடலன்னா மண்டையில ஒரு தட்டு தட்டுன காலத்து ஆளுங்க நீங்க. பாதி சொன்னாலே உங்களுக்கு மீதி புரிஞ்சிடும்.

அப்ப நாங்க சாந்தோம்ல, பெரிய கோயிலுக்குப் பின்னால ஒரு சந்துல இருந்தோம். கொடியில காயப்போட்ட துணி எல்லாம் கடல் காத்துல பிசுபிசுன்னு இருக்கும். என் நைனாவுக்கு ஈக்காட்டுத்தாங்கல்ல லேத் பட்டறையில வேலை. ராத்திரி வந்தா சட்டையில இரும்புத் தூள் மின்னும். நைனாவோட அக்கா, அதான் என் அத்தை, புருஷன் செத்ததுலருந்து எங்க கூடத்தான். வீட்டுல சட்டம் போடறது அவங்கதான். அம்மா வாயே தொறக்க மாட்டா. மூணாங்கிளாஸோட நின்னவ. "அதுக்கு இன்னா தெரியும், வுடு"ன்னு நைனா அவ எதிர்லயே சொல்லுவாரு. அவ பாட்டுக்கு அரிசி பொடைச்சிக்கினு இருப்பா. நானும் அப்படித்தான் நெனைச்சிக்கினு இருந்தேன். சொல்லவே கூச்சமா இருக்கு.

பக்கத்து வீடு ஒரு கிறிஸ்தவக் குடும்பம். பரம்பரையா அந்தக் கோயில் ஆளுங்க. அப்பாவுக்குக் கப்பல்ல வேலை, வருஷத்துக்கு ஒரு தரம் வருவாரு. அம்மா ஸ்கூல் டீச்சர், அதனால சந்து முழுக்க அவங்களுக்கு டீச்சரம்மான்னுதான் பேரு. அவங்க பொண்ணு என் கிளாஸ், என் பெஞ்சு. பக்கத்து வீட்டுக்காரின்னே அவளைச் சொல்றேன், அவளுக்கு அதுதான் பொருத்தம். எங்க ரெண்டு வீட்டுப் பின்பக்கத்துக்கும் நடுவுல இடுப்பு ஒசரத்துக்கு ஒரு செவுரு. அதைத் தாண்டித் தாண்டியே எங்க ரெண்டு பேர் பாவாடையும் ஓரம் கிழிஞ்சிருக்கும்.

பத்தாவது பரீட்சைக்கு மூணு வாரம் இருக்கறப்ப எனக்கு அம்மை போட்டுச்சு.

அம்மைன்னு நான் சொல்றேன். எங்க வீட்டுல அப்படிச் சொன்னா வாயில அடிப்பாங்க. அம்மா வந்திருக்கா, முத்து போட்டிருக்கான்னுதான் சொல்லணும். வாசல்ல வேப்பிலை சொருவியாச்சு. தாளிக்கக் கூடாது, வறுக்கக் கூடாது, மீன் வாசலுக்குள்ள வரக் கூடாது. வெளி ஆளு உள்ள வரக் கூடாது. பின்பக்க ரூம்ல பாய் போட்டு, அது மேல வெள்ளை வேட்டி, அது மேல வேப்பிலை. ஒடம்பு பூரா நெருப்பு மாதிரி எரியும். சொறிய வுடமாட்டாங்க. அரிச்சா வேப்பங்கொழுந்தால தடவுவா அம்மா, அதுல ஒரு நிமிஷம் சொர்க்கம் தெரியும்.

அத்தை மொத வேலையா என் புஸ்தகம் எல்லாத்தையும் தூக்கி டிரங்குப் பெட்டியில போட்டுப் பூட்டிட்டாங்க. "எழுத்தைப் பாத்தா கண்ணுல முத்து எறங்கிடும். அப்புறம் குருடிய எவன் கட்டுவான்?" நான் அழுதேன். நைனா வாசப்படியில நின்னே, "இன்னாத்துக்கு அழுவுற? இந்த வருஷம் போனா போவுது. அடுத்த வருஷம் எழுதிக்க"ன்னாரு.

அடுத்த வருஷம்னா இன்னா அர்த்தம்னு நான் ஏற்கெனவே பாத்திருக்கேன். என் பெரியப்பா பொண்ணுக்கும் டைபாய்டு வந்தப்ப இதையேதான் சொன்னாங்க. அடுத்த வருஷம் அவ சமையக்கட்டுல இருந்தா, அதுக்கடுத்த வருஷம் இடுப்புல கொழந்தை. எனக்கு அந்தப் பரீட்சை போச்சுன்னா படிப்பு அதோட சரி. அது எனக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்காரிக்கும் தெரியும்.

மொத நாளே செவுத்துக்கு அந்தப் பக்கம் துணி துவைக்கிற கல்லு மேல உக்காந்து, வரலாறு புஸ்தகத்தை எடுத்து வெச்சிக்கினு சத்தமா படிக்க ஆரம்பிச்சா. ஸ்கூல்ல அப்ப ரிவிஷன் நடக்குது. எது முக்கியம், எதுல கேள்வி வரும்னு மிஸ் சொன்னதெல்லாம் அவ கையில இருக்கு. ரெண்டு பக்கம் படிச்சிருப்பா. அத்தை சிலிர்த்துக்கினு வந்துட்டாங்க. "யாரும்மே அது? அம்மா வந்த வூட்டாண்ட பாடம் படிக்கிறது? போம்மே அந்தாண்ட!"

மறுநாள் சாயங்காலம். கோயில் மணி அடிச்சுது. செவுத்துக்கு அந்தப் பக்கத்துலருந்து ஜெபமாலை சொல்ற ராகம் கேக்குது. அவங்க வீட்டுல தெனமும் அந்த நேரத்துக்கு ஜெபமாலை உண்டு. டீச்சரம்மா பாதி சொல்ல, மத்தவங்க மீதி பாதியைச் சொல்லுவாங்க. ஏறாம எறங்காம ஒரே இழுவையா போவும். எனக்குப் பொறந்ததுலருந்து கேட்டுப் பழகுன ராகம். ஆனா அன்னிக்கு வார்த்தை வேற மாதிரி இருக்கேன்னு காதைத் தீட்டுனேன்.

"அமிலமும் காரமும் வினை புரிந்தால்..."

பக்கத்து வீட்டுக்காரி இழுத்து நிறுத்திட்டா. எனக்குப் புரிஞ்சுபோச்சு. படுத்த படுக்கையா அதே ராகத்துல முணுமுணுத்தேன். "உப்பும் நீரும் உண்டாகும்."

"கந்தக அமிலத்தோடு துத்தநாகம் சேர்ந்தால்..."

"ஹைட்ரஜன் வாயு வெளியேறும்."

கழுத்துல ஜெபமாலை வேற போட்டிருந்தாளாம், கள்ளி. அப்புறமாத்தான் சொன்னா. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மணி உருட்டுவாளாம்.

முன்பக்கத்துலருந்து அத்தை கொரல் வந்துச்சு. "இன்னாம்மே அது சத்தம்?"  அப்ப அம்மா, வாயே தொறக்காத என் அம்மா, அடுப்பாண்டயிருந்து சொன்னா: "பக்கத்து வூட்டுப் பொண்ணு நம்ம புள்ளைக்காக ஜெபம் பண்ணுது அண்ணி." அத்தை உடனே அடங்கிட்டாங்க. சாமி விஷயத்துல அவங்களுக்குப் பேதமே கெடையாது. கபாலி கோயிலுக்கும் போவாங்க, செவ்வாக்கெழமையானா மெழுகுவத்தி வாங்கிக்கினு மாதா கோயிலுக்கும் போவாங்க. "பண்ணட்டும், பண்ணட்டும். நல்ல பொண்ணு"ன்னு சொல்லிட்டு வந்து, என் ரூம் வாசல்ல நின்னு, செவுத்தைப் பாத்துக் கை கூப்புனாங்க. சரியா அந்நேரத்துக்கு அந்தப் பக்கம் சோடியம் ஹைட்ராக்சைடு போயிக்கினு இருந்துச்சு. அத்தை கண்ணை மூடி, கன்னத்துல போட்டுக்கினாங்க. நான் வேப்பிலையை வாயில அடைச்சிக்கினு சிரிப்பை அடக்குனேன். கசப்புல கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

அன்னிலருந்து தெனம் சாயங்காலம் எங்க ஜெபம். முதல் உலகப்போருக்குக் காரணம், பருவக்காத்து, ஒளிவிலகல், இங்கிலீஷ் செய்யுள் எல்லாமே அந்த ஒரே ராகத்துல. அத்தைக்கு ரொம்பப் பெருமை. தண்ணிக் கொழாயாண்ட போய், "எங்க புள்ளைக்கு மாதாவே காவல்"னு சொல்லி வெச்சிருக்காங்க. டீச்சரம்மாவும் சும்மா சொல்லக்கூடாது, எங்க வீட்டுல அம்மா வந்திருக்கான்னு தெரிஞ்ச நாளா அவங்க வீட்டுலயும் மீன் வறுக்கறதை நிறுத்திட்டாங்க. யாரும் கேக்கல. வறுத்த வாசனை இந்தப் பக்கம் வந்துடுமேன்னு தானா செஞ்சாங்க. வஞ்சிர மீன் இல்லாம சோறு எறங்காத பொண்ணு, வெறும் ரசஞ்சோறு சாப்பிட்டுட்டு வந்து எனக்குப் பாடம் சொன்னா.

கணக்குதான் மாட்டிக்கிச்சு. ஜியாமெட்ரியை எப்படிங்க ராகம் போடறது? படம் வேணுமே. ஒரு மத்தியானம் அத்தை குறட்டை விட்டுக்கினு இருக்கறப்ப, தொப்புன்னு ஒரு சத்தம். செவுரு ஏறிக் குதிச்சு என் பாய் பக்கத்துல வந்து உக்காந்துட்டா. "போடி, உனக்கும் ஒட்டிக்கும்"னேன். "ஒட்னா ஒட்டட்டும். கண்ண மூடு, உங்க அத்தை சொன்னாமாதிரி பாக்காம இரு"ன்னு என் கையை எடுத்து விரிச்சா. ஒடம்பு பூரா முத்து, உள்ளங்கை மட்டும் சுத்தமா இருந்துச்சு. அதுல நகத்தால வட்டம் போட்டா. நடுவுல ஒரு புள்ளி. வட்டத்து மேல மூணு எடத்துல அழுத்துனா. புள்ளியிலருந்து கோடு, வட்டத்துலருந்து கோடு. "இந்தக் கோணம் அந்தக் கோணத்தைப்போல ரெண்டு மடங்கு. ஏன்? சொல்லு." கண்ணை மூடிக்கினு உள்ளங்கையில பாத்தேன். அதுவரைக்கும் போர்டுல எத்தனை தரம் பாத்தும் புரியாதது அன்னிக்குப் புரிஞ்சுது. அதுக்கப்புறமும் பல மத்தியானம் வந்தா. கையில புரிஞ்சதை அன்னிக்குச் சாயங்காலமே ஜெபத்துலயும் சேத்துடுவா. அம்மா பாத்தும் பாக்காத மாதிரி அந்தாண்ட திரும்பிக்குவா. அம்மாவுக்கு ஒண்ணும் வெளங்கலன்னு நான் நெனைச்சேன்.

பரீட்சை நெருங்கிடுச்சு. முத்து காஞ்சு உதிர ஆரம்பிச்சுது. அம்மை எறங்குனா மூணு தண்ணி ஊத்தணும். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயில்ல வெச்ச தண்ணி. மூணாவது தண்ணி ஊத்தற வரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாது. எனக்கு ரெண்டுதான் ஆயிருக்கு. மூணாந்தண்ணிக்கு அத்தை குறிச்ச நாள், மொத பரீட்சைக்கு அப்புறம் வருது.

எங்க பெரிய சிஸ்டர், அதான் ஹெட்மிஸ்ட்ரஸ், பாத்தாலே ஒண்ணுக்குப் போற மாதிரி பயம் காட்டுறவங்க. அவங்களே பக்கத்து வீட்டுக்காரி கிட்ட சொல்லி அனுப்புனாங்க: "வரட்டும். தனி ரூம் தரேன்." நான் அத்தை கால்ல விழாத கொறை. "முடியவே முடியாது. முத்து போட்ட அம்மா கோச்சுக்கினான்னா குடும்பத்துக்கே ஆவாது"ன்னு அத்தை. நைனா வழக்கம்போல, "அதான் அக்கா சொல்லுதே. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்"னு சட்டையைக் கழட்டி மாட்டுனாரு. எனக்கு எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு ஆயிடுச்சு. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கினேன்.

அம்மா முந்தானையில கையைத் தொடைச்சிக்கினே வந்து நடுவுல நின்னா. "அண்ணி, அந்தப் பொண்ணு இத்தினி நாளும் வாய் நோவ ஜெபம் பண்ணிச்சே, அது எதுக்கு? இவ எழுந்து பரீட்சைக்குப் போவணும்னுதானே? நீங்களும்தானே கூட நின்னு கை கூப்புனீங்க? மாதாவாண்ட கேட்டுட்டு, அவ குடுக்கறப்ப வாணாம்னு சொன்னா, அதுக்கு யாரு பதில் சொல்றது?"

அத்தை ஆடிப்போயிட்டாங்க. தெனமும் கன்னத்துல போட்டுக்கினவங்களாச்சே. வாயில இருந்த வெத்தலையை வெளிய போய்த் துப்பிட்டு வந்தாங்க. அப்புறம், "நான் இன்னா வாணாம்னா சொன்னேன்? மூணாந்தண்ணிய பரீட்சை அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடி ஊத்திட்டா போச்சு. இதுக்குப் போய் ஆளாளுக்கு மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு!"ன்னு எங்க மேலயே பாய்ஞ்சாங்க.

விடியக்காலையில பின்பக்கம் கல்லு மேல உக்கார வெச்சு அத்தையேதான் ஊத்துனாங்க. பல்லு கிடுகிடுன்னு ஆடுச்சு. செவுத்துக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரி தாவணி கட்டிக்கினு நின்னு குதிச்சிக்கினு இருந்தா.

தையல் ரூம்ல எனக்குத் தனியா ஒரு பெஞ்சு. சுத்தி துணி போட்டு மூடுன மெஷினுங்க. வாசல்ல மூக்குல கர்ச்சீப் கட்டுன ஒரு டீச்சர். எல்லாரும் ஹால்ல சேந்து எழுதற சத்தம்கூட கேக்கல. பேனாவுக்கு மசி ஊத்துறேன்னு பாதியைப் பெஞ்சு மேல கொட்டிட்டேன். கேள்வித்தாளைப் பிரிச்சதும் எல்லாம் சரியாயிடுச்சு. உதடு தானா ஆடுது, கை தானா எழுதுது. தமிழ், இங்கிலீஷ் அப்படியே போச்சு. வெளிய வந்து, "தனியா உக்காந்து எழுத கடியா கீது"ன்னு அவளாண்ட சொன்னேன்.

மறுநாள் காலையில அவளுக்கு ஜுரம். சாயங்காலம் நெத்தியில ரெண்டு கொப்புளம். இன்னும் கணக்கு, அறிவியல், வரலாறு பாக்கி.

டீச்சரம்மா படிச்சவங்க. அழுவல, கத்தல. "உடம்புதான் முக்கியம். அக்டோபர்ல எழுதிக்கட்டும்"னு முடிவு பண்ணிட்டாங்க. ஆனா நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா பிளஸ் ஒன் போறதுன்னு எவ்வளவு கனவு கண்டிருந்தோம்! அக்டோபர்னா ஒரு வருஷம் போச்சு. அவங்களுக்கு வேற ஸ்கூல்ல பரீட்சை டியூட்டி, லீவு கெடையாது. பகல்ல பொண்ணைப் பாத்துக்க ஆளில்ல. "நான் பாத்துக்கறேன், எனக்குச் சின்ன வயசுலயே வந்து போயிடுச்சு"ன்னு அம்மா கெளம்பிப் போயிட்டா. அத்தை ஒரு கொத்து வேப்பிலையை எடுத்துக்கினு போய் அவங்க வாசல்ல, சிலுவைக்குக் கீழ, தானே சொருவிட்டு வந்தாங்க.

கணக்குப் பரீட்சைக்கு மொத நாள் மத்தியானம், அம்மாவைத் தேடிக்கினு பக்கத்து வீட்டுக்குப் போனேன். கதவாண்டயே நின்னுட்டேன். கட்டில்ல அவ சுருண்டு கெடக்கிறா. என் அம்மா பலகை போட்டு உக்காந்து வேப்பிலையால விசிறிக்கினே, அந்த ராகத்துலயே சொல்றா:

"வட்டத்தின் மையத்துல தாங்கும் கோணம்..."

ஜுரக் கொரல்ல அவ இழுக்கிறா. "பரிதியில் தாங்கும் கோணத்தைப்போல இரு மடங்கு."

"அமிலமும் காரமும் வினை புரிந்தால்..."

"உப்பும் நீரும் உண்டாகும்."

அம்மா வரிசை மாறாம எல்லாத்தையும் சொல்லிக்கினே போறா. அடுப்பாண்ட நின்னுக்கினு, காதாலயே அத்தனையும் புடிச்சு வெச்சிருக்கா.  "ம்மா, அது ஜெபம் இல்லன்னு உனக்குத் தெரியுமா?"ன்னு கேட்டேன்.

"ஏன், என் காது இன்னா செவுடா? எந்த ஜெபத்துல கந்தக அமிலம் வருது?" விசிறியை நிறுத்தல. "உங்க அத்தையாண்ட வாயத் தொறந்த, தோலை உரிச்சுடுவேன்."

கட்டில்ல கெடந்தவ சிரிச்சா பாருங்க, அவ்வளவு ஜுரத்துலயும். எனக்கு அம்மாவைக் கட்டிப் புடிச்சிக்கணும் போல இருந்துச்சு. எங்க வீட்டுல அந்தப் பழக்கம் இல்ல. போய்ப் பக்கத்துல ஒட்டி உக்காந்துக்கினேன்.

அன்னிக்குச் சாயங்காலம் டீச்சரம்மா வந்து செருப்பைக்கூட கழட்டல, அம்மா எழுந்து நின்னுட்டா. "டீச்சரம்மா, நான் படிக்காதவ. தப்பா இருந்தா மன்னிச்சுக்கங்க. புள்ளைக்கு எல்லாம் தெரியுது. ஜுரமும் எறங்கிக்கினு கீது. என் பொண்ணு போவணும்னு இவ செவுரேறிக் குதிச்சவ. இவளை வீட்டுல போட்டுட்டு என் பொண்ணு மட்டும் போனா எனக்குச் சோறு எறங்குமா? பெரிய சிஸ்டரை நான் பாத்துப் பேசுறேன். ரிக்‌ஷாவுல நானே கூட்டிக்கினு போறேன். முடியலன்னா நானே தூக்கிக்கினு வந்துடறேன்." டீச்சரம்மா நாற்காலியில உக்காந்து, மொத தரமா அழுதாங்க. அப்புறம் பொண்ணைப் பாத்து, "எழுதுறியா?"ன்னு கேட்டாங்க. அவ ஏற்கெனவே எழுந்து ஜியாமெட்ரி பாக்ஸைத் தேடிக்கினு இருந்தா.

அம்மா அன்னிக்கே கான்வென்ட்டுக்குப் போனா. பெரிய சிஸ்டர் எதிர்ல நின்னு இன்னா பேசுனான்னு எனக்குத் தெரியாது. சரின்னு வாங்கிக்கினு வந்தா.

இன்னிக்கு ஒரு டாக்டராண்ட இதைச் சொன்னா நம்ம எல்லாரையும் சேத்துத் திட்டுவாரு, திட்டட்டும். ரெண்டு பேரும் பாஸ் பண்ணோம். கணக்குல அவ என்னைவிட மார்க் அதிகம், கொப்புளத்தோட எழுதியும். அதே ஸ்கூல்ல, அதே பெஞ்சுல பிளஸ் ஒன் உக்காந்தோம். அதுக்கப்புறம் நைனா அம்மாவைப் பாத்து அதுக்கு இன்னா தெரியும்னு சொல்லி நான் கேக்கல. ஆனா எனக்கு மார்க்கெல்லாம் அவ்வளவா ஞாபகம் இல்ல. அந்தக் கணக்குப் பரீட்சை காலைதான் அப்படியே கண்ணு முன்னாடி நிக்குது.

ரிக்‌ஷாவுலருந்து எறங்குறோம். அம்மா நடுவுல, நாங்க ஆளுக்கொரு பக்கம். எனக்கு முத்து உதிர்ந்து மூஞ்சி பூரா கறுப்பு வடு. அவளுக்கு இப்பத்தான் செவப்பு செவப்பா, மஞ்சள் வேற பூசியிருக்கு. கேட்டாண்ட வாட்ச்மேன் கையை நீட்டித் தடுத்தாரு. "ஒரு பொண்ணுன்னுதான் சொல்லிகீறாங்க. ஒண்ணு உன் பொண்ணு, தெரியும். இன்னொண்ணு யாரும்மா?"

"பெரிய சிஸ்டரைக் கேளு. ரெண்டும் என் பொண்ணுங்கதான். வழி வுடு."

அவரு என் மூஞ்சியைப் பாத்தாரு. அவ மூஞ்சியைப் பாத்தாரு. திரும்ப என்னைப் பாத்தாரு.

"ஆமாம்மா, அதான் ஜாடை ஒரே மாதிரி கீது"ன்னு சொல்லிட்டு, பெரிய கேட்டையே தொறந்து வுட்டாரு.